கணக்கில் வராத நோவு

ஒரு நாட்டில் எத்தனை பேர் உடல் இயலாமையுடன் வாழ்கின்றனர் என்ற வினாவுக்கான விடை, அவர்களிடம் என்ன கேட்கப்பட்டது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. இலங்கையின் 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு, இயலாமை உடையோர் 1.6 வீதத்தினர் எனக் கூறியது. 2012ஆம் ஆண்டு மதிப்பீடோ, ஐந்து வயதுக்கும் அதற்கு மேற்பட்டோருக்கும் எடுத்த கணக்கில் 8.7 வீதத்தினர், அதாவது பதினாறு இலட்சத்துக்கும் அதிகமானோர் என்றது. பதினொரு ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் உடல் ஐந்து மடங்கு பழுதடைந்துவிடவில்லை. முதன்மையாக மாறியது கேள்வியே. முதலாவது மதிப்பீட்டில் கண்ணில், கையில், காலில் குறைபாடு உண்டா என்று கேட்டனர். இரண்டாவதில் பார்ப்பதில், நடப்பதில் சிரமம் உண்டா என்று கேட்டனர். குறைபாடு என்ற சொல்லைத் தம்மீது சூட்டிக்கொள்ள மறுக்கும் மனிதர், சிரமம் என்று கேட்டால் ஒத்துக்கொள்கிறார்.

எம்மவரைப் பொறுத்தவரை இதனிலும் பெரிய இடைவெளியொன்று உண்டு. 1981இன் பின் 1991இல் நடந்திருக்க வேண்டிய குடிசன மதிப்பீடு நடைபெறவேயில்லை. 2001இல் மதிப்பீடு முழுமையாக நிறைவேறியது பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே; யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய ஏழிலும் அது முற்றுப்பெறவில்லை. ஆக, எறிகணையும் கண்ணிவெடியும் கை கால்களைப் பறித்த முப்பது ஆண்டுகளில், அவற்றை இழந்தோரை முழுமையாக எண்ணிய மதிப்பீடு ஒன்றுகூட இல்லை. 2012இல் எண்ண வந்தபோது பலர் இறந்துபோயிருந்தனர். பலர் எம்முடன் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் வந்துவிட்டிருந்தனர்.

2012இன் கேள்விகள் உலகளாவிய வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைத் தழுவியவை. ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளிவிபர ஆணைக்குழுவின் கீழ் 2001இல் உருவான குழு அது. பார்த்தல், கேட்டல், நடத்தல் அல்லது படியேறுதல், நினைவில் வைத்தல், தன்னைத் தானே பராமரித்தல், தொடர்பாடல் ஆகிய ஆறையும் அது கேட்கிறது. இந்தக் கேள்விகளின் நன்மையை நாம் மறுக்கவில்லை. வறிய நாடொன்றில் வைத்தியரின்றி, ஊடுகதிர்ப் படமின்றி, வீட்டு வாசலில் நின்று ஓரிரு நிமிடங்களில் கேட்டு முடிக்கலாம். மேலும், காயம் எப்படி வந்தது என்று அவை கேட்பதில்லை. காரணத்தைச் சொன்னால் விசாரணை வருமோ என்று அஞ்சும் வன்னி இளைஞன் ஒருவனுக்கு இது சிறிய ஆறுதலன்று.

ஆயினும் என்பு, மூட்டு, தசை நோய்கள் என்று வரும்போது இவ்வாறு கேள்விகளின் கண்ணி பெரிதாகிவிடுகிறது. அவற்றுள் ஒன்றேனும் நோவைப் பற்றிக் கேட்பதில்லை. கையைப் பற்றியும் நேரடியாகக் கேட்பதில்லை. குளிப்பதிலும் உடுப்பதிலும் சிரமமா என்ற கேள்விக்குள் கை ஒளிந்துகொள்கிறது. தலையில் பட்டி மாட்டி முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் மலையகப் பெண், தோள் உயர்த்த இயலாத நிலையிலும் நடக்கிறாள், குளிக்கிறாள். எனவே கணக்கின்படி அவள் சுகதேகி. பார்வை பற்றிய கேள்வி மூக்குக்கண்ணாடி அணிந்தும் சிரமமா என்று தெளிவாகக் கேட்கிறது. நடை பற்றிய கேள்வியோ ஊன்றுகோலையோ செயற்கைக் காலையோ குறிப்பிடுவதில்லை. பொய்க்காலுடன் நன்றாக நடப்பவர் “சிரமமில்லை” என்று சொன்னால், கால் இழந்த ஒருவர் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறார். அந்தக் கால் தேய்ந்து புதியது தேவைப்படும் நாளில் அவருக்கான ஒதுக்கீடு எங்கிருந்து வரும்?

கேள்விகள் எந்த வாழ்க்கையை மனதிற்கொண்டு எழுதப்பட்டன என்பதும் முக்கியமானது. மூட்டுவாத நோயாளரின் இயலாமையை அளக்க உலகெங்கும் வழங்கும் வினாக்கொத்து 1980இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. காரில் ஏறி இறங்க முடியுமா, தொட்டியில் குளிக்க முடியுமா என்று அது கேட்டது. கிணற்றடியில் குளித்து, நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து உண்டு, திருவலையில் குந்தித் தேங்காய் திருவி வாழும் ஒருவருக்கு இக்கேள்விகளால் பயன் என்ன? இதனை உணர்ந்தே இந்திய வைத்தியர்கள் 2002இல் அதனைத் திருத்தி, குந்தியிருந்து எழுதல், சப்பாணி கட்டி இருத்தல், சேலை உடுத்தல், ஓட்டோவில் ஏறி இறங்குதல் என்று எழுதினர்.

அளவுகோலுக்கு முன்பே கருவி இந்தப் பாடத்தைக் கற்றிருந்தது. 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைக் கால், வெறுங்காலுடன் நடக்கவும் ஈர வயலில் இறங்கவும் குந்தியிருக்கவும் ஏற்றதாக அமைந்தது. 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையத்தினால் எம்மவர் பலர் மீண்டும் எழுந்து நடந்தனர். காலை எம் வாழ்க்கைக்கேற்ப வார்க்க முடியுமென்றால் கேள்வியை வார்க்க முடியாதா?

சர்வதேச ஒப்பீட்டுக்கு எல்லா நாடுகளிலும் ஒரே கேள்வி வேண்டும் என்பர். அது நியாயமே. ஆறையும் அப்படியே வைத்துக்கொண்டு மூன்று நான்கைச் சேர்ப்பதற்குத் தடையேதும் இல்லை. அதே வாஷிங்டன் குழுவின் விரிவான வினாக்கொத்தில், இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை இடுப்பிலிருந்து கண்மட்டத்துக்கு உயர்த்த முடியுமா என்ற கேள்வி உண்டு. நோவு பற்றியும் அதில் கேள்விகள் உண்டு. பணமில்லை என்பதும் முழுமையான விடையாகாது. உலக சுகாதார நிறுவனமும் மூட்டுவாத வைத்தியர்களின் சர்வதேச அமைப்பும் 1981இல் தொடங்கிய கொப்கோட் திட்டம், வறிய நாடுகளுக்காகவே வகுக்கப்பட்டது. அதன்படி 1996இல் வைத்தியர் அரவிந்த் சோப்ராவின் குழுவினர் புனேக்கு அருகிலுள்ள பிக்வான் கிராமத்தில் வீடு வீடாகத் தொண்டர்களை அனுப்பி விசாரித்தபோது, வளர்ந்தோருள் ஏறத்தாழ 18 வீதத்தினர் மூட்டு, தசை நோவுடன் வாழ்வது தெரியவந்தது. கிராமத்தாரைக் கொண்டே, கிராமத்தார் பேசும் மொழியிலேயே பெற்ற எண் அது.

மொழி என்பதையும் நாம் இலேசாக எண்ணக்கூடாது. உலகில் மக்களை இயலாமைக்குள் தள்ளும் காரணங்களில் முதலிடம் நாரிநோவுக்கே உரியது. 2020இல் 61 கோடியே 90 இலட்சம் பேரை அது வருத்தியதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எம்மூர் மூதாட்டியிடம் “கீழ் முதுகு வலி உண்டா” என்று ஏட்டுத் தமிழில் கேட்டால் இல்லை என்பார். “நாரி உளைகிறதா” என்று கேட்டால் அரைமணி நேரம் சொல்வார்.

இந்தச் சிக்கல் கடல் கடந்தும் எம்மைப் பின்தொடர்கிறது. கனடாவின் இயலாமை வரிச்சலுகைப் படிவம், மருந்தும் கருவியும் பயன்படுத்திய பின்னரும் ஒருவர் நடக்க இயலாதவரா, அல்லது ஏனையோரிலும் மூன்று மடங்கு நேரம் எடுப்பவரா, அதுவும் குறைந்தது 90 வீத நேரம் அப்படியா என்று கேட்கிறது. றிச்மண்ட் ஹில்லில் மகனின் வீட்டில் வாழும் முதியவர், வைத்தியர் “எப்படி இருக்கிறீர்கள்” என்றதும் “பரவாயில்லை” என்கிறார். மாடிப்படி ஏற இயலாமல் நிலவறையிலேயே படுக்கிறார். கோயிலில் விழுந்து கும்பிடுவதை விட்டு ஆண்டுகள் பலவாகின்றன. செய்வதை நிறுத்திவிட்ட வேலையில் அவருக்குச் சிரமம் இல்லைத்தான். மொழிபெயர்க்கச் செல்லும் பிள்ளைகள் “பரவாயில்லை” என்ற அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் மொழிபெயர்த்துவிட்டுத் திரும்புவது பெரும் பிழையாகும். அவர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்பதை வைத்தியருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

தாயகத்தைப் பொறுத்தவரை எமது கோரிக்கைகள் எளியவை. 2024இல் தொடங்கிய குடிசன மதிப்பீட்டின் இயலாமை விபரங்கள் மாவட்ட வாரியாக மட்டுமன்றிப் பிரதேச செயலக வாரியாகவும், சிரமத்தின் அளவு வாரியாகவும் வெளியிடப்பட வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் கை, நோவு, உதவிக் கருவி என்ற மூன்றையும் பற்றித் தனி ஆய்வு நடைபெற வேண்டும். சக்கர நாற்காலிக்கும் செயற்கைக் காலுக்கும் நிதி சேர்த்தனுப்பும் புலம்பெயர் அமைப்புகள், அதில் ஒரு சிறு பகுதியை இந்தக் கணக்கெடுப்புக்கென ஒதுக்குதல் நன்று. எத்தனை பேருக்கு, எந்த ஊரில், எந்த அளவில் தேவை என்று அறியாது அனுப்பும் உதவி, வீதியோரத்தில் இருப்பவருக்கு இருமுறை கிடைத்து, ஒழுங்கையின் கோடியில் இருப்பவரை ஒருமுறையும் எட்டாது போகின்றது.