மீனுக்கும் ஆகாது சிக்கு எண்ணெய்!

தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெய் கொஞ்சம் மிஞ்சியது. அலமாரியில் வைத்தவள் அப்படியே மறந்து போனேன். பொங்கலுக்குத் தம்பி வீட்டுக்குக் கிளம்பும்போது எடுத்துப் பார்த்தால், ஒரே சிக்கு வாடை! கொட்ட மனசு வரவில்லை. தம்பி குளத்தில் கெண்டை மீன் வளர்க்கிறான். தவிட்டோடு பிசைந்து போட்டால் மீன் கொழுக்குமே என்று தூக்கில் ஊற்றிக்கொண்டு போனேன்.

தம்பி மோந்து பார்த்தான். "ஏன்க்கா, நீ சாப்பிடாததை என் மீன் மட்டும் சாப்பிடணுமா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவன் சொன்ன விஷயம் உங்களுக்கும் தெரிய வேண்டும், சகோதரிகளே.

ஜப்பானில் பட்டு நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுவைக் காயவைத்து, வளர்ப்புக் கெண்டைகளுக்குத் தீனியாகப் போட்டு வந்தார்கள். அதில் எண்ணெய்ச் சத்து அதிகம். நாள்பட்டுச் சிக்குப் பிடித்த புழுவைத் தின்ற மீன்களுக்கு முதுகுச் சதை வற்றிப் போயிற்று. உடம்பு கத்தி போல மெலிந்து, தலை மட்டும் பெரிசாகத் தெரியும். 'செகோகே' என்று இந்த நோய்க்குப் பெயர். முதுகு மெலிவு என்று அர்த்தமாம்.

1960-களில் அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டால், அது வைட்டமின் 'ஈ'-யை அழித்துவிடுகிறது. அந்தச் சத்து இல்லாமல் மீனின் சதை கரைகிறது. தீனியில் வைட்டமின் 'ஈ' கூடுதலாகச் சேர்த்ததும் நோய் வரவில்லை! டிரவுட் என்ற குளிர்நாட்டு மீனுக்கோ, சிக்குத் தீனியால் ஈரல் கெட்டு, ரத்தம் குறைந்து, செவுள் வெளுத்துப் போகும்.

நம் ஊர்த் தவிட்டிலும் எண்ணெய் உண்டு. அரைத்த சில நாளிலேயே சிக்கு வாடை தட்டிவிடும். அதனால் தம்பி மொத்தமாக வாங்கிப் போடுவதில்லை. வாராவாரம் மில்லில் புதுசாக வாங்குகிறான். மூட்டையைத் தரையில் வைக்காமல், பலகை மேல், வெயில் படாத இடத்தில் அடுக்குகிறான். பழைய தவிட்டோடு புதுசைக் கலப்பதே இல்லை. குளத்துக்குப் போகுமுன் ஒரு பிடி அள்ளி மோந்து பார்க்கிறான்.

நமக்கும் அதேதான். வாணலியில் அளவாக எண்ணெய் வையுங்கள். மிஞ்சியதை ஆறவிட்டு வடிகட்டி, மூடி போட்டு, இருட்டான இடத்தில் வைத்து, இரண்டொரு நாளில் தாளிக்கவே தீர்த்துவிடுங்கள். வாடை தட்டிவிட்டதா? நமக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம், மீனுக்கும் வேண்டாம். வாயில்லா ஜீவன் வேண்டாமென்று சொல்லாது. நாம்தான் மோந்து பார்க்க வேண்டும்!