ரோடு டெஸ்ட் - ஓகே!

மொதல்லயே சொல்லிடறேன். நான் மெக்கானிக் இல்லை. பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சும் ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினா நட்டு கழலும்னு ஒரு நிமிஷம் யோசிக்கிற ஆளு. அதனால "வண்டியப் பத்தி உனக்கென்னடா தெரியும்"னு கிளம்பி வர்றவங்களுக்கு முன்கூட்டியே ஒரு பெரிய கும்பிடு. ஆனா எனக்கு பில் படிக்கத் தெரியும். கிலோமீட்டர் பாக்கத் தெரியும். இன்னிக்கு சண்டைக்கு அது ரெண்டும் போதும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

என் வண்டி 125 சிசி. 2019-ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாங்கினது. முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம் பிரேக். 2024 நவம்பர்ல ஒரு புதன்கிழமை, கம்பெனியோட அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்ல விட்டேன். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி மெஷின், டை கட்டின சர்வீஸ் அட்வைசர், எல்லா பந்தாவும் உண்டு. "பின் பிரேக் அடிச்சா சத்தம் வருது, கழட்டி கிளீன் பண்ணிடுங்க"ன்னு சொன்னேன். அவரும் ஜாப் கார்டுல எழுதிக்கிட்டார்.

சாயங்காலம் வண்டி பளபளன்னு நின்னுச்சு. பில் 2,870 ரூபாய். அதுல கூலி மட்டும் 650, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. கன்ஸ்யூமபிள்ஸ்னு ஒரு 90 ரூபாய் (அது என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல). ஜாப் கார்டுல வரிசையா டிக். பின் பிரேக் - ஓகே. செயின் - ஓகே. ரோடு டெஸ்ட் - ஓகே.

ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டு மேடவாக்கத்துலேருந்து தாம்பரம் கிளம்பினேன். ஒவ்வொரு தடவை பிரேக் போடறப்பவும் பின்னாடி 'டொக்'குன்னு ஒரு சத்தம். சேலையூர் தாண்டறதுக்குள்ள அப்பாவே "ஏதோ சரியில்லடா, ஓரமா நிறுத்து"ன்னுட்டார். பக்கத்துல தகரம் போட்ட ஒரு சின்ன கடை. மெக்கானிக் அண்ணனுக்கு அம்பது வயசு இருக்கும். குனிஞ்சு பாத்தவர் சொன்ன மொத வார்த்தை: "தம்பி, வண்டிய எடுக்காதீங்க."

டிரம் பிரேக் வண்டில, சக்கரத்துக்குப் பக்கவாட்டுல ஒரு பிளேட் இருக்கும். பிரேக் ஷூ அதுலதான் உக்காந்திருக்கு. பிரேக் அடிக்கறப்ப அந்த பிளேட்டும் சக்கரத்தோட சேர்ந்து சுத்தப் பாக்கும். சுத்த விடாம ஒரு இரும்புப் பட்டை அதை இழுத்துப் பிடிச்சிருக்கும். டார்க் ஆர்ம்னு பேரு. அதோட நட்டு கழண்டு விழாம இருக்க குறுக்கே ஒரு காட்டர் பின் போடுவாங்க. என் வண்டில அந்த பின்னே இல்லை. நட்டு கடைசி ரெண்டு மரையில தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அது விழுந்து பட்டை கழண்டிருந்தா, அடுத்த தடவை பிரேக் அடிக்கறப்ப பிளேட்டே சுத்தி, பிரேக் கம்பி முறுக்கிக்கிட்டு, சக்கரம் அப்படியே இறுகி நின்னிருக்கும். பின்னாடி மாநகரப் பேருந்து. நடுவுல 61 வயசு அப்பா.

பக் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுக்கற பழக்கதோஷத்துல, அண்ணன் கை வைக்கறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன். அவர் நட்டை இறுக்கி, புது பின் போட்டு, 20 ரூபாய் வாங்கிக்கிட்டார். 2,870 ரூபாய்க்குக் கிடைக்காத வேலை.

திங்கக்கிழமை ஆபீசுக்கு மட்டம் போட்டுட்டு நேரா சர்வீஸ் சென்டர். அட்வைசர்கிட்ட வந்த பதில்கள் வரிசையா:

"வாஷிங்ல விழுந்திருக்கும் சார்." (தண்ணி அடிச்சா காட்டர் பின் விழுமாம்!)

"வெளி மெக்கானிக் கை வெச்சிட்டார், இனி நாங்க பொறுப்பில்ல சார்."

"வண்டிய விட்டுட்டுப் போங்க, ஃப்ரீயா செக் பண்ணித் தர்றோம் சார்."

நான் ரெண்டு போட்டோ காமிச்சேன். புதன்கிழமை வண்டி விடறப்ப மீட்டர்ல 31,412.6. திரும்ப எடுக்கறப்ப 31,412.7. மொத்தம் நூறு மீட்டர். வாஷிங் பண்ற இடத்துக்கு உருட்டிட்டுப் போனதே அவ்வளவு வரும். "அப்ப ரோடு டெஸ்ட் எந்த ரோட்டுல சார் பண்ணீங்க?"ன்னு கேட்டேன். பதில் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் கடுப்பு. மேனேஜர் உள்ளேருந்து வந்து, "டேய், இங்க வாடா"ன்னு ஒரு பையனைக் கூப்பிட்டு, என் முன்னாடியே கண்டபடி திட்ட ஆரம்பிச்சார். பையனுக்கு மிஞ்சிப் போனா பத்தொம்பது வயசு. தலையைத் தூக்கவே இல்லை. "அன்னிக்கு எத்தனை வண்டிப்பா பாத்த?"ன்னு கேட்டேன். மேனேஜரை ஒரு தடவை பாத்துட்டு மெதுவா சொன்னான்: "பதினொண்ணு சார்."

பதினொரு வண்டி, ஒரு பையன். அவன் பூட்டினதை இன்னொருத்தர் பாத்தாங்களா? கிடையாது. அந்த 'ஓகே'வைப் போட்டது அவனா? அதுவும் கிடையாது. பில் அடிக்கறப்ப ஏசி ரூம்ல உக்காந்து வரிசையா டிக் அடிச்சது வேற ஆளு. அவர் என் வண்டியோட பின் சக்கரத்தைக் கண்ணால கூட பாத்திருக்க மாட்டார்.

நான் சொல்ல வர்றது இதுதான் மக்களே. காட்டர் பின்னை மறந்தது தப்பு. ஆனா மனுசன் மறப்பான். பதினோராவது வண்டில கட்டாயம் மறப்பான். மறப்பான்னு தெரிஞ்சுதான் ரோடு டெஸ்ட்டுன்னு ஒண்ணையே வெச்சிருக்காங்க. அந்த டெஸ்ட்டைச் செய்யாமலே செஞ்சதா எழுதறது மறதி இல்லை. பொய். அந்தப் பொய்க்குக் காசும் வாங்கி, ஜிஎஸ்டியும் போட்டு, மாட்டிக்கிட்டதும் இருக்கறதுலயே சின்னப் பையனைப் பலி குடுக்கறது அயோக்கியத்தனம்.

நான் யோக்கியனான்னு கேட்டா, இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ் அவசரத்துல, பண்ணாத டெஸ்ட்டைப் பண்ணினதா நானும் டிக் அடிச்சிருக்கேன். திங்கக்கிழமை ஒரு ஸ்கிரீன் வேலை செய்யல, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆனா அந்த டிக்குக்குப் பக்கத்துல என் பேரு இருந்துச்சு. எங்க ஆபீஸ்ல ஒரு பட்டனோட கலரை மாத்தினாக்கூட மாத்தினவன் பேரும், சரிபாத்தவன் பேரும் பதிவாகும். கலர் தப்பானா யாரும் சாகப் போறதில்லை. உசுரு தொங்கற நட்டுக்கு மட்டும் பேரே கிடையாதா?

இதைச் சொன்னா ஃப்ரெண்ட்ஸ் ஆளாளுக்கு அட்வைஸ். "பக்கத்துலயே நின்னு பாத்திருக்கணும் மச்சி"ங்கறான் ஒருத்தன். கஸ்டமர் உள்ள வரக்கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கான், எங்க போய் நிக்கறது? "சின்ன கடைக்கே போயிடு"ங்கறான் இன்னொருத்தன். சேலையூர் அண்ணன் தங்கமான மனுசன்தான். ஆனா நல்ல மனுசன் எங்க கிடைப்பான்னு தேடி அலையறதா நம்ம வேலை? அப்ப அந்த 650 ரூபாய் கூலி எதுக்கு? "இந்தியால இதெல்லாம் சகஜம்பா"ங்கறான் மூணாவது ஆளு. இவனுக்குத்தான் எனக்கு பதிலே சொல்லத் தோணல. சகஜம் சகஜம்னு நாம சொல்லிச் சொல்லியேதான் அது சகஜமாச்சு.

சட்டம் நம்ம பக்கம் இருக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில. காசு வாங்கிட்டு வேலையை ஒழுங்கா செய்யலைன்னா அது 'சேவைக் குறைபாடு'. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கலாம். குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நாமளே வாதாடலாம். அதுக்கு முன்னாடி 1915-ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடிச்சா, புகாரைக் கம்பெனிக்கே அனுப்பி பதில் கேப்பாங்க.

நான் 1915-ல புகார் குடுத்தேன். ஒன்பதாவது நாள் கம்பெனிலேருந்து போன். கூலியைத் திருப்பித் தர்றோம், அடுத்த சர்வீஸ் இலவசம்னாங்க. கூலியை வாங்கிக்கிட்டேன். இலவச சர்வீஸ் வேண்டாம்னுட்டேன், அப்பாவோட முதுகெலும்பு மேல எனக்கு ஆசை இருக்கு. "ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ஜாப் கார்டுல வண்டியைப் பூட்டினவர் பேரு, சரிபாத்தவர் பேரு, ரெண்டு கையெழுத்து. அப்புறம் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு ஒரு வரம்பு"ன்னு கேட்டேன். "அது எங்க ப்ராசஸ்ல இல்ல சார்"னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க.

காசைத் திருப்பித் தர ப்ராசஸ் இருக்கு, பேரு போட ப்ராசஸ் இல்லையாம்!

அதனால, வண்டி விடறப்பவும் எடுக்கறப்பவும் கிலோமீட்டரைப் போட்டோ எடுங்க. மாத்தின பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்க. ரோடு டெஸ்ட் ஓகேன்னு இருந்தா "யார் ஓட்டினது?"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா அங்கயே, அந்த ஜாப் கார்டு மேலயே "ரோடு டெஸ்ட் செய்யப்படவில்லை"ன்னு எழுதி, கையெழுத்து போட்டுட்டு வாங்க. நூறு பேர் எழுதினா அவங்களும் பேரு போட ஆரம்பிப்பாங்க.

டிஸ்கி: கிளம்பறப்ப அந்தப் பையன் கேட் வரைக்கும் வந்து, "சாரி சார், அப்பாக்கு ஒண்ணும் ஆகலயே?"ன்னு கேட்டான். அந்த மொத்தக் கட்டடத்துலயும் அதைக் கேட்டது அவன் ஒருத்தன்தான்.