பெயரில்லாத ஈக்களும் பெயர் சூட்ட ஆளில்லாத ஆய்வுக்கூடங்களும்

புனேயின் பாஷாண் பகுதியிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் பழ ஈக்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பரிணாமத்தை ஆராய்கின்றனர். அதே நகரையொட்டிய ஆகுர்டியில், 1916இல் தோன்றிய இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் மேற்கு மண்டலக் கிளை இருக்கிறது. அங்கே பூச்சிகள் ஊசியில் கோக்கப்பட்டு, பிடிபட்ட இடமும் நாளும் குறித்த சீட்டுடன் பேணப்படுகின்றன. முதல் வகை ஆய்வை நாடிவரும் மாணவர் பலர். இரண்டாவதைக் கற்க வருவோர் மிகச் சிலர். இந்த ஏற்றத்தாழ்வின் விலையை முதலில் கொடுப்பவை தீவுகள்.

கடல் நடுவே ஒதுங்கிய ஓர் ஈயினம் காலப்போக்கில் பல இனங்களாகக் கிளைக்கும். ஹவாய்த் தீவுகளில் பழ ஈக் குடும்பத்தில் மட்டும் ஏறத்தாழ 1,000 இனங்கள் இருக்கலாம் என்பது கணிப்பு. அவற்றுள் பெயர் பெற்றவை பாதிக்குச் சற்று மேல். அங்கு ஆய்வு செய்த எல்மோ ஹார்டி போன்றோர் மாதிரிகளை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்துப் பிரித்தறிந்தனர். வெளித்தோற்றம் ஒத்திருக்கும்போது, ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பே பல வேளைகளில் இனத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இது வெறும் பெயர்ப் பட்டியல் அன்று. ஈயின் வரிசையைச் சேர்ந்ததே கொசுவும். அந்தமான் நிக்கோபாரில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் சண்டைக்கஸ், தோற்றத்தில் பிரித்தறிய இயலாத பல இனங்களின் தொகுதி. குரோமோசோமையும் மரபணுவையும் ஆராய்ந்த பின்னரே இத்தீவுகளில் வாழ்வது தனி வகை எனத் தெரிந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வயல்களில் உப்புநீர் தேங்கியபோது, எந்த நீரில் எந்தக் கொசு முட்டையிடும் என்பது உயிர் காக்கும் அறிவாயிற்று.

மரபணுக் குறியீடு இருக்கையில் ஊசியும் சீட்டும் எதற்கு என்று கேட்கப்படுகிறது. அண்மையில் பிரிந்த இனங்களில் அக்குறியீடு ஒன்றுபோலவே இருக்கக்கூடும். மேலும், தவறான பெயருடன் தரவுத்தளத்தில் சேர்ந்த வரிசையைத் திருத்த வேண்டுமானால், அது எடுக்கப்பட்ட பூச்சி எங்கேனும் பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும்.

தொழிலால் இசைக்கலைஞரான புருனெட்டி இந்திய ஈக்கள் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது 1912இல். நூறாண்டு கடந்தும் பல குடும்பங்களுக்கு மாணவர் அத்தகைய பழைய நூல்களையே புரட்டுகின்றனர். காரணம் மதிப்பீட்டு முறையில் உள்ளது. ஓர் இனப்பெயரை ஆயிரம் கட்டுரைகள் பயன்படுத்தினாலும், அப்பெயரைச் சூட்டிய கட்டுரை மேற்கோள் பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மேற்கோள் எண்ணிக்கையே பணியையும் பதவியையும் தீர்மானிக்கும் இடத்தில் வகைப்பாட்டியலைத் தேர்ந்தெடுப்பது துணிச்சலன்று, தற்கொலை என்று மாணவர் கருதினால் அவர்களைக் குறை சொல்ல இயலாது.

கிரேட் நிக்கோபாரில் ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு வளர்ச்சித் திட்டத்துக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. பெயரில்லாத உயிர் எந்த மதிப்பீட்டறிக்கையிலும் இழப்பாக எண்ணப்படாது.

செய்யவேண்டியவை எளியவை. மரபணு வரிசையை வெளியிடும் ஒவ்வோர் ஆய்வேடும் அதற்குரிய மாதிரியைப் பொதுக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒரு பேரினத்தை முழுமையாகத் திருத்தி வகைப்படுத்தும் பணி முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வாக ஏற்கப்பட வேண்டும். பாஷாணில் பயிலும் மாணவர் ஒரு பருவமேனும் ஆகுர்டியின் நுண்ணோக்கி முன் அமர வேண்டும்.