பேய்க் குழுவா? யார் சொன்னது?

தலைவர் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே ஊர் ஊராகப் போய் வாசிக்கும் ஸ்விங் காலத்து ஜாஸ் குழுக்களுக்கு அமெரிக்காவில் ‘பேய்க் குழு’ என்று பட்டப்பெயர். கவுண்ட் பேஸி 1984இல் இறந்தார். அவர் ஆர்கெஸ்ட்ரா இன்றும் வாசிக்கிறது. உடனே ரசிகசிகாமணிகள் உதட்டைப் பிதுக்குகிறார்கள்: “லெஸ்டர் யங் சாக்ஸஃபோன் ஊதின குழுதான் அசல். மத்ததெல்லாம் பேரை வெச்சு ஓட்டுற வண்டி.”

சரி, எது அசல்? 1935இல் கான்சாஸ் சிட்டியில் பென்னி மோட்டன் திடீரென்று இறந்துபோகிறார். அவர் குழுவில் பியானோ வாசித்தவர் பேஸி. அங்கிருந்த சிலரையும் சேர்த்துக்கொண்டுதான் ரீனோ கிளப்பில் தன் குழுவைத் தொடங்குகிறார். ஆக, இந்த அசலே இறந்துபோன ஒருவரின் குழுவிலிருந்து முளைத்ததுதான். அன்றைக்கு எழுதிவைத்த குறிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒருவர் சின்னதாக ஒரு ரிஃப் ஊதுவார், பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்வார், ட்ரம்பெட்காரர்கள் பதில் சொல்வார்கள். எல்லாம் தலைக்குள்ளேதான். என் தொழில் பாஷையில், டாக்குமென்டேஷனே இல்லாத கோட். எழுதினவன் வேலையை விட்டால் கதை முடிந்தது.

முடிந்தும் போனது. பெரிய குழுவுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாமல், 1950இல் பேஸி அதைக் கலைத்துவிட்டுச் சிறு குழுவோடு வாசித்தார். 1952இல் திரும்பக் கட்டியபோது பெரும்பாலும் புது ஆட்கள். இந்த முறை நீல் ஹெஃப்டி போன்றவர்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். ‘தி அட்டாமிக் மிஸ்டர் பேஸி’ இவர்கள் செய்ததுதான். ஆள் மாறி, முறையும் மாறியாச்சு. ஆனால் இதை யாரும் பேய் என்று சொல்லவில்லை, பியானோ முன்னால் பேஸி உட்கார்ந்திருந்தாரே!

ஃப்ரெடி கிரீனைப் பற்றி இவர்கள் வாயே திறப்பதில்லை. 1937இல் கிட்டாரோடு சேர்ந்தவர், 1987இல் சாகும்வரை கிட்டத்தட்ட ஐம்பது வருடம் அதே குழு. ஆம்ப்ளிஃபயர் இல்லை, சோலோவும் அநேகமாக இல்லை. ஒரு பாருக்கு நாலு தட்டு, அவ்வளவுதான். ரெக்கார்டில் பல நேரம் காதில்கூட விழாது. ஆனால் குழு மொத்தமும் நின்றது அதன் மேல்தான். பேஸி போன பிறகும் மூன்று வருடம் அந்தத் தட்டு நிற்கவில்லை.

எல்லாப் பேய்க் குழுவுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 1944இல் விமானத்தோடு காணாமல்போன கிளென் மில்லரின் பெயரில் 1956இல் கட்டிய குழு, என்னைப் பொறுத்தவரை மியூசியம். பேஸி குழு அப்படியில்லை. தாட் ஜோன்ஸ், ஃப்ராங்க் ஃபாஸ்டர் என்று அங்கேயே வாசித்து, அங்கேயே எழுதியவர்களிடம் தலைமை போனது. ஸ்காட்டி பார்ன்ஹார்ட் தலைமையில் 2024இல் கிராமியும் வாங்கினார்கள்.

இன்னொன்று. எந்த முப்பதுகளின் ரெக்கார்டுகளை அசல் என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்களோ, அதற்கு டெக்கா கம்பெனி பேஸியோடு போட்ட ஒப்பந்தம் 750 டாலர், ராயல்டி கிடையாது. ரெக்கார்டு எத்தனை விற்றாலும், குழுவுக்குக் கூலி மேடையில்தான். இப்போது அந்த மேடையையும் விட்டு இறங்கச் சொல்கிறீர்கள், இல்லையா?