கிழவரைக் காணோம்!

போன பொங்கல் லீவில் மதுரையிலிருந்து மாமா வந்திருந்தார். அந்தக் காலத்தில் வாடகைக்கு டெக்கும் கேசட்டும் எடுத்து, தெருவையே கூட்டி வைத்துப் படம் போட்டுக் காட்டிய ஆசாமி. ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1983இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' படத்தை மட்டும் பத்துத் தடவையாவது பார்த்திருப்பாராம். சரி, மாமாவைக் குஷிப்படுத்துவோம் என்று டிவியில் அதைப் போட்டேன். கடைசிக் காட்சி வரை நன்றாகத்தான் போனது. வில்லன் டார்த் வேடர் திருந்தி இறந்துபோய், ஆவியாக வந்து மகனைப் பார்த்துச் சிரிப்பானே, அங்கேதான் மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"டேய், யார்றா இது? இங்க ஒரு கெழவர்ல நிப்பாரு!"

திரையில் நின்றது சுருள் முடி வைத்த ஒரு இளைஞன். "இல்ல மாமா, இவருதான்" என்றேன், விவரம் தெரியாமல். அடுத்த நிமிஷமே, "கரடிக்குட்டிங்க பாடுற பாட்டும் இது இல்லையே" என்றார். அத்தை சிரித்துவிட்டு, "வயசாயிருச்சுல்ல, எல்லாத்தையும் போட்டுக் கொழப்பிக்கிறீங்க" என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. அவருக்கு ஐம்பத்தி எட்டு வயது. சமீபகாலமாக சாவி, கண்ணாடி, செல்போன் என்று எதையாவது மறந்துவிட்டுத் தேடிக்கொண்டே இருப்பவர் என்பதால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் ஆழமாகவே குத்தியிருக்கும்.

ராத்திரி உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். மாமா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாட்டை 1997இல் மாற்றியிருக்கிறார்கள். கிழவரை 2004 டிவிடியில் தூக்கியிருக்கிறார்கள். அந்தக் கிழவர் செபாஸ்டியன் ஷா என்ற ஆங்கிலேய நடிகர். அவர் இருந்த இடத்தில், பின்னால் வந்த படங்களில் அதே பாத்திரத்தின் இளவயதை நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனை ஒட்டிவிட்டார்கள். ஷா 1994லேயே இறந்துபோனவர். "என் காட்சியை ஏன் எடுத்தீங்க" என்று வந்து கேட்க முடியாது, பாவம்.

அன்றிலிருந்து இந்தப் பழைய படங்களைச் சுத்தம் செய்து டிஸ்க் போடும் சமாச்சாரத்தைத் தோண்டித் தோண்டிப் படிக்க ஆரம்பித்தேன். (அந்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் டெஸ்ட் இருந்தது. அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய படத்தில் கையே வைக்கக் கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். நெகட்டிவில் விழுந்த கீறல், தூசி, வெளிறிப்போன கலர் இதையெல்லாம் சரி செய்யத்தான் வேண்டும். அதையும் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. 1953இல் வந்த 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிய படம். செவ்வாய்க் கிரகத்து யந்திரங்களை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டுத்தான் எடுத்தார்கள். அன்றைக்குத் தியேட்டருக்குப் போன டெக்னிகலர் பிரிண்ட் சாயத்தை அச்சடிப்பது போல ஏற்றித் தயாரிப்பது. நெகட்டிவில் இருக்கும் அளவுக்கு அதில் கூர்மை இருக்காது, கம்பியும் கண்ணில் படாது. பின்னாளில் கூர்மையான பிரதிகளை வீட்டில் போட்டுப் பார்த்தால் கம்பி பளிச்சென்று தெரிகிறது! 2018இல் 4கே தரத்தில் புதுப்பித்தபோது அந்தக் கம்பிகளை கம்ப்யூட்டரில் அழித்தார்கள். இது படத்தை மாற்றுவதா? என்னைப் பொறுத்தவரை இல்லை. 1953 ஆடியன்ஸ் என்ன பார்த்தார்களோ அதைத்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நெகட்டிவில் இருப்பது எல்லாமே மக்கள் பார்த்ததாகிவிடாது.

ஆனால் மாமா கிழவரைப் பார்த்திருக்கிறார். உலகமே பார்த்திருக்கிறது. அது கம்பி இல்லை.

இதற்கு வழக்கமாக வரும் பதில், "ஜார்ஜ் லூகாஸ் படம், அவர் இஷ்டம்". கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தை இயக்கியது லூகாஸ் இல்லை, ரிச்சர்ட் மார்க்குவாண்ட். அவரும் 1987லேயே காலமாகிவிட்டார். இன்னும் வேடிக்கை கேளுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் கலர் பூசும் வேலை அமெரிக்காவில் அமர்க்களப்பட்டபோது, 1988இல் அந்நாட்டு காங்கிரஸ் குழுவின் முன்னால் போய், கலைப்படைப்பை இப்படிச் சிதைக்கக் கூடாது என்று வாதாடியவர்களில் ஒருவர் இதே லூகாஸ்தான்! ஒன்பது வருஷம் கழித்து அவரே தன் படங்களில் கைவைத்தார். மாற்றியதைக்கூட நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். பழையதைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டதுதான் குற்றம். 2006இல் ஒரே ஒரு தடவை பழைய வடிவத்தை டிவிடியில் கொடுத்தார்கள். அதுவும் போனஸ் டிஸ்காக, லேசர் டிஸ்க் காலத்து மாஸ்டரிலிருந்து, அகலத்திரை டிவிக்கு ஏற்றபடி மாற்றாமல். ஓசியில் கொடுக்கும் சாம்பார்கூட இதைவிடக் கெட்டியாக இருக்கும்.

நான் காமர்ஸ் மாணவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேனே. முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இது. கணக்குப் புத்தகத்தில் தப்பாக ஒரு பதிவு போட்டுவிட்டால் அதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. தப்பு அப்படியே இருக்க வேண்டும், பக்கத்தில் இன்னொரு திருத்தப் பதிவு போட வேண்டும். அப்போதுதான் ஆடிட்டர் வந்து பார்த்தால் என்ன நடந்தது என்று தெரியும். 2023 ஏப்ரல் முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் அக்கவுண்டிங் சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் கட்டாயம் பதிவாக வேண்டும், அதை அணைக்கவே முடியக் கூடாது என்று நம்மூரில் சட்டமே இருக்கிறது. ஐநூறு ரூபாய் வவுச்சருக்கு இவ்வளவு பாதுகாப்பு. கோடிக்கணக்கான பேர் மனதில் இருக்கும் ஒரு காட்சிக்கு ஒன்றும் கிடையாது!

இந்தக் கணக்குப் பாடத்தைப் படிக்காமலே சரியாகச் செய்தவர் ரிட்லி ஸ்காட். 1982இல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்தை 2007இல் 'ஃபைனல் கட்' என்று புதுப்பித்தார். அதில் செய்த திருத்தம் கொஞ்சநஞ்சமா? கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடிச் சாகும் பெண்ணுக்கு விக் மாட்டிய ஸ்டன்ட் நடிகை நன்றாகவே தெரிவார். இருபத்தைந்து வருஷம் கழித்து நிஜ நடிகை ஜோயன்னா கேசிடியையே வரவழைத்துப் படமெடுத்து, அவர் முகத்தை அங்கே பொருத்தினார்கள். ஒரு காட்சியில் ஹாரிசன் ஃபோர்டின் வாயசைப்பு வசனத்தோடு ஒட்டவில்லை. அவருடைய மகனைப் பேசவைத்து அந்த வாயை அப்பாவின் முகத்தில் ஒட்டினார்கள். (அப்பா ஜாடை இப்படியும் உதவும் போல.) பறக்கும் காரைத் தூக்கிய கேபிள்களையும் அழித்தார்கள். இவ்வளவு செய்துவிட்டு, அந்தப் பெரிய பெட்டியில் தியேட்டரில் வந்தது, 1992இல் வந்தது, முதலில் போட்டுப் பார்த்த வொர்க் பிரிண்ட் என்று ஐந்து வடிவங்களையும் சேர்த்தே வைத்தார்கள். பிடித்ததைப் போட்டுப் பார்த்துக்கொள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஸ்பீல்பெர்க் கதை இன்னொரு தினுசு. 'ஈ.டி.' படத்தில் குழந்தைகளைத் துரத்தும் போலீஸ்காரர்கள் கையிலிருந்த துப்பாக்கியை 2002இல் வாக்கி டாக்கியாக மாற்றினார். பிறகு அவரே வருத்தப்பட்டு, 2012 ப்ளூரேயில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரால் திருப்பிக் கொடுக்க முடிந்தது பழையது பத்திரமாக இருந்ததால்தான்.

இப்போது வந்திருக்கும் வியாதி வேறு. முகத்தையே மாற்ற வேண்டாம், தோலை மாற்றினால் போதும் என்கிறார்கள். ஃபிலிமில் தெரியும் பொடிப்பொடியான கிரெய்ன் மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, பிம்பமே அந்தப் பொடியால் ஆனதுதான். அதை 'நாய்ஸ்' என்று நினைத்து வழித்து எடுத்தால் கூடவே தோலின் துவாரமும் சுருக்கமும் போய்விடும். 2010இல் வந்த 'பிரிடேட்டர்' ப்ளூரேயில் அர்னால்டு மெழுகு பொம்மை மாதிரி இருப்பார், பார்த்திருக்கிறீர்களா? 2024இல் ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்', 'ட்ரூ லைஸ்' 4கே டிஸ்குகள் வந்தன. பீட்டர் ஜாக்சனின் பார்க் ரோட் போஸ்ட் நிறுவனம், யந்திரக் கற்றல் கொண்டு கூர்மையேற்றிய பிரதிகள். சில ஷாட்கள் பிரமாதம், மறுக்கவில்லை. சில இடங்களில் மட்டும் பின்னால் நிற்பவர் முகம் ஏதோ வரைந்தது போல இருக்கிறது. முடியெல்லாம் ஒவ்வொன்றாக நட்டு வைத்த மாதிரி. நெகட்டிவில் இல்லாத விவரத்தை யந்திரம் ஊகித்து நிரப்பினால் அப்படித்தான் இருக்கும். புது டிவியில் பளபளவென்று இருந்தால் வாங்குகிறவன் திருப்தியாகிவிடுவான் என்ற வியாபாரக் கணக்கு எனக்கும் புரிகிறது. மார்க்கெட்டிங் பேப்பரில் நானே அப்படி எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

கிழவரை எப்படியோ தேடிப் பிடித்தேன். நரைத்த முடி, சாந்தமான சிரிப்பு, பழைய கேசட் காலத்துக் கலர். அந்தப் படத்தை மாமாவின் செல்லுக்கு அனுப்பி, "நீங்க சொன்னதுதான் சரி மாமா. இவரைத்தான் எடுத்துட்டாங்க" என்று எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"உங்க அத்தைட்ட குடுக்குறேன், நீயே சொல்லு."