நடக்கிறவங்களுக்கு ஒரு ராத்திரி

ஆகஸ்ட் கடைசியில் கடலூர்-சிதம்பரம் ரோட்டில், காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்களைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீங்க. 29-ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. வழியில் சாப்பாடு, மோர் கொடுக்க ஆள் இருக்காங்க. படுக்க இடம்? பலருக்கு ரோட்டோரம்தான். கூட வர்ற பெண்களுக்கோ, தாழ்ப்பாள் உள்ள கழிவறை சாப்பாட்டைவிட அவசரம்.

ஸ்பெயினில் சந்தியாகோவுக்கு நடக்கிறவங்களுக்கு வழிநெடுக விடுதி: வரிசையா கட்டில், ஒரு ராத்திரி, காலையில் கிளம்பணும். நம்ம ஊர்ல அதுக்குப் பேரு சத்திரம், நாமதான் மறந்துட்டோம்.

புதுசா கட்டினா மீதி பதினோரு மாசம் காலி. வாட்ச்மேன் சம்பளமே கட்டுப்படியாகாது. கல்யாண மண்டபம் எடுக்கலாம்னா, ஆவணி முகூர்த்த மாசம். நம்ம காலேஜ் ஆடிட்டோரியம் மெயின் ரோட்டுலேயே இருக்கு, ராத்திரி பூட்டித்தான் கிடக்கு. பத்து நாளைக்குச் சாவி கேட்டு லெட்டர் எழுதிட்டேன். கையெழுத்துப் போட வாங்க. வரும்போது வீட்டில் சும்மா கிடக்கிற பாய் இருந்தா எடுத்துட்டு வாங்க.