சர்க்கரைதானே, போட்டுப் பார்த்தால் என்ன நஷ்டம்?

“ஆசிடா ஊற்றச் சொல்கிறோம்? சர்க்கரைதானே, போட்டுப் பார்த்தால் என்ன நஷ்டம்?”

முடி கொட்டுகிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், எங்கிருந்தாவது இந்தக் கேள்வி வந்து விழுகிறது. ராஜபாளையம் டீக்கடை பெஞ்சாக இருந்தாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டாக இருந்தாலும் சரி, ஆளுக்கொரு செல்போன், செல்போனுக்கொரு வைத்தியர். வெங்காயச் சாறு போய், அரிசி களைந்த தண்ணீர் போய், இப்போது சர்க்கரையின் முறை. பால்கோவாவுக்குப் பேர் போன ஊரில் சர்க்கரைக்கு என்ன பஞ்சம்! இரண்டு ஸ்பூன் எடுத்து, கற்றாழையில் குழைத்து, ராத்திரி தலையில் பூசிப் படுத்தால் ஆச்சு. காலையில் எறும்பு வந்தால் அது தனிக்கதை :-)

கிண்டல் இருக்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. நஷ்டம் இருக்கிறது, நல்ல நஷ்டமே இருக்கிறது. ரூபாயாகக் கையை விட்டுப் போகாததால் யார் கண்ணிலும் படுவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் இந்தச் சர்க்கரைக் கதை எங்கே பிறந்தது என்று பார்த்துவிடுவோம். 2024 ஜூனில் ‘ஃப்ரான்டியர்ஸ் இன் ஃபார்மகாலஜி’ என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் பாகிஸ்தானின் காம்சாட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் வழுக்கைக்கு மருந்து தேடிக் கிளம்பியவர்களே இல்லை. புண்ணை எப்படிச் சீக்கிரம் ஆற்றுவது என்று எட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். டீஆக்சிரைபோஸ் என்கிற ஒரு சர்க்கரையை வைத்தால் புண்ணில் புதிய ரத்தக் குழாய்கள் உண்டாவது தெரிந்தது. கூடவே, அந்தப் புண்ணைச் சுற்றியிருந்த முடி மற்ற இடத்தைவிட வேகமாக வளர்வதையும் கவனித்தார்கள். சரி, இதையும் பார்ப்போமே என்று டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனால் முடி குறைய வைத்த ஆண் எலிகளின் முதுகில் இந்தச் சர்க்கரை கலந்த ஜெல்லைத் தடவினார்கள். முடி வளர்ந்தது. மினாக்சிடில் மருந்து தருகிற பலனில் 80 முதல் 90 சதவீதம் வரை இதுவும் தருகிறது என்று ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் அறிவித்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டபோது கூடுதலாகப் பெரிய லாபம் எதுவும் தெரியவில்லை.

நல்ல ஆராய்ச்சி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இது தொடக்க நிலைதான், இன்னும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று செய்தவர்களே சொன்னார்கள். ஆனால் செய்தி கடல் தாண்டி, யூடியூப் தாண்டி, வாட்ஸ்அப் குடும்பக் குரூப்பில் வந்து விழும்போது எலி காணாமல் போய்விட்டது, ஜெல் காணாமல் போய்விட்டது, டீஆக்சிரைபோஸ் காணாமல் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. சர்க்கரை!

இங்கேதான் கோபம் வருகிறது. வேதியியலில் சர்க்கரை என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். டீஆக்சிரைபோஸில் ஐந்து கார்பன் அணுக்கள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏவின் முதுகெலும்பாக நிற்பது அதுதான். அடுப்படி டப்பாவில் இருப்பது சுக்ரோஸ். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்த பன்னிரண்டு கார்பன் சமாச்சாரம். தலையில் தடவினால் ஒன்று இன்னொன்றாக மாறிவிடாது. பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ராஜபாளையம் நாய் வாங்கப் போனவர் வீதியில் போகிற ஏதோ ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு வருவாரா? இரண்டும் நாய்தானே என்று யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். சர்க்கரை விஷயத்தில் மட்டும் ஒருவரும் சிரிக்க மாட்டேன் என்கிறார்கள்.

“இது பாட்டி வைத்தியம்” என்று ஒரு சாக்கு வேறு. எந்தப் பாட்டி? கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம், சீயக்காய், அரப்பு என்று தலைக்கு ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்த பாட்டிகள், ஆண்டாள் கொண்டையைப் பார்த்தே வளர்ந்த ஊர்ப் பாட்டிகள், சர்க்கரையைத் தலையில் கொட்டச் சொன்னதாகக் கேள்விப்பட்டதுண்டா? சொல்லாத பாட்டியின் வாயில் வார்த்தையைத் திணிப்பது கொஞ்சம் அநியாயம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. விவரமானவர்கள். அடுப்படிச் சர்க்கரை வேறு, அந்தச் சர்க்கரை வேறு என்று தெரிந்தவர்கள். இவர்கள் டீஆக்சிரைபோஸ் பொடியையே இணையத்தில் வரவழைத்து, ஆல்ஜினேட் பொடியோடு கலந்து, வீட்டு மேஜையில் ஜெல் காய்ச்சுகிறார்கள். இவர்களிடம்தான் அதிகம் சண்டை போட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சர்க்கரை டப்பாக்காரர் கையில் இருப்பது வெறும் பிசுபிசுப்பு. இவர்கள் கையில் இருப்பது உடம்பில் வேலை செய்யக்கூடிய ஒரு பொருள். புதிய ரத்தக் குழாய்களை வளர்ப்பது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புற்றுநோய்க் கட்டியும் புதிய ரத்தக் குழாய்களை வைத்துத்தான் வளர்கிறது. தைமிடின் பாஸ்ஃபோரிலேஸ் என்று ஒரு என்சைம் பல வகைக் கட்டிகளில் அதிகமாகக் காணப்படுகிறது. அது வேலை செய்யும்போது உண்டாகிற பொருள்களில் ஒன்றிலிருந்து வருவது இதே டீஆக்சிரைபோஸ்தான். இதனால் தலையில் தடவினால் புற்றுநோய் வரும் என்று அர்த்தமில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் வாட்ஸ்அப் வைத்தியம்தான். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மனிதத் தலையில் தடவினால் என்ன ஆகும் என்பதை எலியின் முதுகு சொல்லாது, அதைப் பார்க்கத்தான் மனிதர்களிடம் முறைப்படி சோதனை என்று ஒன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் போய் நின்று பார்த்தால் இது புரியும். மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்கிற ஊர் அது. புண்ணின் மேல் வைக்கிற அந்த வெறும் துணிக்கே நம் மருந்துச் சட்ட விதிகளில் தனி அட்டவணை இருக்கிறது. குறிப்பிட்ட அளவு இடத்தில் இழை எத்தனை ஓட வேண்டும், எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. துணிக்கு இவ்வளவு. புண் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ஒரு ரசாயனத்தை, என்ன சுத்தம், என்ன அளவு என்று தெரியாமல், டீ வடிகட்டுகிற மேஜையில் கலக்கிப் பூசிக்கொள்வதற்கு மட்டும் ஒரு கணக்கும் வேண்டாமாம்!

சரி, நஷ்டத்துக்கு வருவோம்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. ஒரு முடி சில வருஷம் வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வு எடுக்கும், உதிரும், அதே குழியிலிருந்து அடுத்தது கிளம்பும். கடுமையான காய்ச்சல், பிரசவம், பெரிய மனக்கஷ்டம் போன்றவை வந்தால் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பு சீப்பாக வரும். கோவிட் வந்து போனவர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. மூலகாரணம் விலகிவிட்டால் சில மாதங்களில் தானாகவே நின்று, தானாகவே முளைக்கும்.

இப்போது, காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டுகிற ஒருவர் பயந்துபோய்ச் சர்க்கரை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எப்போது போடுவார்? உதிர்வு உச்சத்தில் இருக்கும்போது. அதற்குப் பிறகு குறையத்தானே செய்யும்? மூன்று மாதத்தில் முடி திரும்புகிறது. உடம்பு செய்த வேலை, வரவு மட்டும் சர்க்கரையின் பேரில் எழுதப்படுகிறது. வவுச்சர் இல்லாத இந்த வரவைக் காமர்ஸ் வகுப்பில் எழுதினால் வாத்தியார் சிவப்பு மையால் சுழிப்பார். வீடியோவில் சொன்னால் ஆயிரம் லைக். பலன் கிடைக்காதவர்கள் வீடியோ போடுவதில்லை. அவர்கள் அடுத்த வைத்தியத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இவர் தப்பித்தார். மற்றவர்கள்? ராஜபாளையத்தில் நைட் ஷிப்ட் பார்க்கிற இருபத்தைந்து வயது மில் தொழிலாளிக்கு நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. அது ஹார்மோனாலும் பரம்பரையாலும் வருகிற வழுக்கை. அது தானாகத் திரும்பாது. முடிக்குழி ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போகும். இருக்கிற மருந்துகள் இருக்கிற முடியைக் காப்பாற்றுவதில்தான் கெட்டி. போய்விட்டதை மீட்பதில் அவ்வளவு சமர்த்து கிடையாது. சர்க்கரையில் ஆறு மாதம், பிறகு வேறொன்றில் ஆறு மாதம், ஆக ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்து முடியை எந்தக் கடையில் வாங்குவது?

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணின் கதை இன்னும் மோசம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் முடி உதிர்வாகத் தலைகாட்டுவது சாதாரணம். அந்தப் பெண் மூச்சு வாங்குவதைக் கவனிக்காமல், வெளிறிய கண்ணிமையைப் பார்க்காமல், வீட்டில் எல்லோரும் சேர்ந்து அவள் தலையில் சர்க்கரை பூசிக்கொண்டிருந்தால் அதை என்னவென்று சொல்வது? உதிர்ந்த முடி ஒரு தகவல் சொல்ல வந்தது. அதன் வாயில் இனிப்பைப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

“மினாக்சிடிலே தற்செயலாகக் கண்டுபிடித்ததுதானே” என்று ஒரு மறுப்பு வரும். உண்மைதான். ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரை அது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்தது. ஆனால் மறுநாளே யாரும் மாத்திரையை அரைத்துத் தலையில் பூசச் சொல்லி விற்கவில்லை. மனிதர்களிடம் சோதித்து, பூசும் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது 1988. தற்செயலுக்கும் அனுமதிக்கும் நடுவில் இருந்த அந்த வருஷங்கள்தான் மருந்து. டீஆக்சிரைபோஸும் அந்த வழியில் வரட்டும், வந்தால் சந்தோஷம். விலை மலிவாகவும் இருக்கலாம்.

பூசுகிறவர்களை முட்டாள் என்பதில் அர்த்தமில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் “மாப்பிள்ளைக்கு முன்னாடி கொஞ்சம்…” என்று இழுக்கிற ஊர் இது. தோல் டாக்டரிடம் போனால் மாசாமாசம் செலவு, எத்தனை மாசம் என்று தெரியாது. அந்தக் கூச்சத்திலும் பயத்திலும்தான் கடை விரிக்கிறார்கள். 2025 மார்ச்சில் பஞ்சாபின் சங்ரூரில் இலவச வழுக்கை முகாம் என்று கூட்டம் கூட்டித் தலையில் எண்ணெய் தேய்த்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் கண் எரிச்சலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். “போட்டுப் பார்த்தால் என்ன நஷ்டம்” என்று நினைத்துத்தான் அவர்களும் வரிசையில் நின்றிருப்பார்கள். இத்தனைக்கும், வழுக்கையைக் குணப்படுத்துவதாகவோ புது முடி முளைக்க வைப்பதாகவோ எந்த மருந்தும் உறுதி சொல்லக் கூடாது என்று மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அரசு மருத்துவமனை ராஜபாளையத்திலும் இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிறது. ஹீமோகுளோபின் பார்க்க ஒரு ஊசிக்குத்து போதும். எப்போதிருந்து கொட்டுகிறது, அதற்கு மூன்று மாதம் முன்னால் என்ன காய்ச்சல் வந்தது, அப்பாவுக்கு எந்த வயதில் நெற்றி ஏறியது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். சர்க்கரையைப் பால்கோவாக்காரரிடம் விட்டுவிடுங்கள். அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.